மானியம் வாங்கப் போன கதைகள்

வெள்ளவத்தை மருமகன்:

விவசாய மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களோ, விண்ணப்பித்தவர்களுக்குத் துணை போனவர்களோ இங்கே இருந்தால் உங்கள் கதையையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

என் மாமா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பன்னிரண்டு பரப்புக் காணியில் (முக்கால் ஏக்கர்) சின்ன வெங்காயம் செய்கிறவர். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆனபோது, இறைப்பு இயந்திரத்தைத் தொடவே பயந்தார். அடுத்த ஆண்டு, தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும் விவசாயத்துக்கு மானியம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருடைய கமக்காரர் அமைப்பு தூவல் நீர்ப்பாசனத்துக்கும் சூரிய மின்பம்பிக்கும் விண்ணப்பித்தது. நேர்முகம் கொழும்பில்.

இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டினார். ஒரு கையில் ஆவணக் கோவை, மறு கையில் வெங்காயப் பிடி. "அதிகாரிகளுக்கா மாமா?" என்று கேட்டுவிட்டேன். முறைத்துப் பார்த்து, "உன் வீட்டுச் சமையலுக்கு" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, அந்த வேலை என் தலையில் விழுந்தது. "உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். மாமா யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் ஐயா பூவரசங்குழை வெட்டி மண்ணில் தாழ்த்தித்தான் பயிர் செய்தார். நான் இடையில் விட்டுவிட்டேன். இப்போது திரும்பத் தொடங்கப் போகிறேன். தண்ணீர்க் குழாய் மட்டும் புதிது." நான் அதைப் பாரம்பரியப் பசுந்தாட் பசளைத் தொழில்நுட்பத்தின் மீளறிமுகம் என்ற கணக்கில் ஆங்கிலத்தில் விளாசினேன். வெளியே வந்ததும், "தம்பி, நான் சொன்னது இவ்வளவு நீளமில்லையே" என்றார்.

மானியம் கிடைத்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான். பாதிச் செலவு பயனாளியுடையது. மற்றப் பாதியும், பொருளை வாங்கிப் பற்றுச்சீட்டைக் கொடுத்த பிறகே வரும். அதாவது முழுப் பணத்தையும் முதலில் அவரே போட வேண்டும். மாமியின் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. அதை வைத்து முற்பணம் கட்டினால், சாமான் வந்து, அதைப் பார்க்க ஒருவர் வந்து, கையெழுத்தாகிப் பணம் விழும்போது பங்குனி. வெங்காயம் நடுவது தையில். அந்தப் போகத்துக்குப் பழைய இயந்திரமேதான் இறைத்தது.

திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை. குழாய்கள் இன்று நன்றாக வேலை செய்கின்றன, மண்ணெண்ணெய்க் கலன் கொட்டிலில் துருப்பிடிக்கிறது. அலுவலகத்தில் யாராவது ஒருவர் நடுகை நாளைக் கேட்டுவிட்டுத் தவணைத் தேதியைக் குறித்திருக்கலாம், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக் கிழவன்:

ஓய்வு பெறுவதற்கு முன் இப்படியான விண்ணப்பங்களை மொழிபெயர்த்துச் சம்பாதித்தவன் நான். ஒரு முறை பதினொரு விண்ணப்பங்களில் ஒரே பந்தி, ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. "மண்வளம்" எல்லாவற்றிலும் "மன்வளம்". காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கும் ஆள் ஒருவர் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். அதே விண்ணப்பக் கட்டுக்குள் ஒரு மாதர் சங்கம் கையால் எழுதியது இருந்தது. கிணறு எங்கே, மாடு எங்கே, மழை வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும் என்று கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் கீறியிருந்தார்கள். மொழிபெயர்க்க அதில் அதிகம் இருக்கவில்லை. மேசையிலிருந்த எல்லோரும் எடுத்துப் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

மருமகன் தம்பி, அடுத்த முறை மாமா சொன்னதை அப்படியே சொல்லுங்கள்.

பாதுக்கை வயல்காரன்:

கொழும்பு மாவட்டத்திலும் வயல் இருக்கிறது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். "இயற்கை" என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்தில் முகம் சுளிக்கிறார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை நீக்கினார்கள். இடையில் பெரும்போகம், அதாவது மாரி மழையோடு செய்யும் நெற்போகம், தொடங்கிவிட்டது. கூட்டெரு செய்ய ஆள் இல்லை, வைக்கோலும் சாணமும் போதவில்லை. படிப்படியாகச் செய்திருந்தால் நானே பாதிக் காணியை மாற்றியிருப்பேன். இப்போது ஓர் அலுவலர் வந்து மண்புழு எருவுக்கு உதவி தருகிறோம் என்றால், அதற்குப் பின்னால் என்ன தடை வரப்போகிறது என்றுதான் சனம் கேட்கிறது.

அவிசாவளைத் தங்கச்சி:

எங்கள் கதை வேறு. தோட்டத்து லயன்களில் இருக்கும் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து வல்லாரை, பொன்னாங்காணி போட்டோம். ஓரிடத்தில் விண்ணப்பத்தை வாங்கிய உடனேயே காணி உறுதி எங்கே என்று கேட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருக்கிறோம், உறுதி மட்டும் இல்லை. தோட்ட நிருவாகத்தின் அனுமதிக் கடிதத்துக்கு நான்கு மாதம் அலைந்தோம். கடிதம் கிடைத்தபோது விண்ணப்ப முடிவுத் தேதி கடந்திருந்தது.

தேடுகிறவர்களுக்கு ஒன்று: உலகச் சுற்றாடல் வசதியம் (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1994 முதல் இலங்கையில் இருக்கிறது. தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை, சமூக அமைப்புகளுக்குத்தான்; உச்ச வரம்பு நெடுங்காலம் 50,000 டொலராக இருந்தது. எனக்குப் பிடித்தது, உங்கள் பங்கைப் பணமாக மட்டுமல்ல, உழைப்பாகவும் பொருளாகவும் காட்டலாம். ஒன்பது பெண்கள் நாளுக்கு எத்தனை மணி நேரம் புல் பிடுங்கினார்கள் என்று நாங்கள் இப்போது கொப்பியில் எழுதி வருகிறோம். காப்பு அடகு வைக்க எங்களிடம் காப்பும் இல்லை.

அதுசரி மருமகன் அண்ணா, மாமியின் காப்பை மீட்டாயிற்றா?

வெள்ளவத்தை மருமகன்:

ஒன்றை மீட்டாயிற்று. மற்றது இந்தப் போகத்து வெங்காய விலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.