புதுப்பிப்பு: பேட்டரி சார்ஜ் ஏறாத சிக்கல், ஆல்டர்னேட்டர் மாற்றாமலே தீர்ந்தது

புதிய பேட்டரி பொருத்திய பிறகும் காலையில் ஸ்டார்ட்டர் தயங்குகிறது என்றும், ஆல்டர்னேட்டரை (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) மாற்றச் சொல்கிறார்கள் என்றும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியில் பேட்டரி 12.2 வோல்ட் காட்டியது. அதாவது ஏறத்தாழப் பாதிச் சார்ஜ்தான். என்ஜின் ஓட, முகப்பு விளக்கும் ஏசியும் இயங்கும் நிலையில் பேட்டரி முனைகளில் 13.0 வோல்ட் மட்டுமே இருந்தது. அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடற்பகுதிக்கும் இடையே அளந்தபோது 14.4 வோல்ட் வந்ததால், உற்பத்தியில் குறையில்லை, வழியில்தான் எங்கோ இழப்பு என்பது உறுதியாயிற்று.

பிறகு, அதே சுமையுடன், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சோதித்தேன். ஆல்டர்னேட்டர் வெளியீட்டிலிருந்து பேட்டரியின் நேர்முனை வரை இழப்பு 0.2 வோல்ட், ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து எதிர்முனை வரை 1.2 வோல்ட். எனவே குறை எதிர்முனைப் பக்கத்தில்தான். மின்சாரம் திரும்பும் வழியாக என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டுக்கடியில் துரு படிந்திருந்தது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்கியதும், அதே சுமையில் பேட்டரியில் 14.2 வோல்ட் கிடைக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கத்தில் குறை எதுவும் இல்லை.

என்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையைச் சிலர் பரிந்துரைத்தார்கள். அதைச் செய்யவில்லை; திடீரென எழும் மின்னழுத்தம் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுதாக்கக்கூடும். பேட்டரியைத் தனிச் சார்ஜரில் முழுமையாக ஏற்றிய பின், வண்டி நிற்கும்போது மின்கசிவையும் அளந்தேன்: 30 மில்லிஆம்பியர், இது இயல்பான அளவே.