எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம்: சாவியை இழுத்தால் தண்டோடு கையில் வருகிறது

பல்சக்கரம்:
17 கல் (ஜுவல்), கைச்சாவி மெஷின் (கடிகாரத்தின் உள் இயந்திரம்). கழுவிப் பூட்டியபின் இரண்டு கோளாறு. நேரம் வைக்கச் சாவியை (பக்கவாட்டுத் திருகை) இழுத்தால் அதோடு இணைந்த தண்டும் சேர்ந்து வந்துவிடுகிறது. உள்ளே தள்ளிச் சாவி கொடுத்தால் சில சமயம் ஏறுகிறது, சில சமயம் 'கரக்' என்று வழுக்குகிறது. முள்ளெல்லாம் மாட்டியாகிவிட்டது. டயலைக் கழற்றாமல் சரிசெய்ய வழி உண்டா?

ஊசிமுனை:
மெஷினின் பின்பக்கம், தண்டை ஒட்டி ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அது செட்டிங் லீவர் ஸ்க்ரூ; தண்டை வெளியே வராமல் பிடித்திருக்கும் லீவரை இதுதான் தாங்குகிறது. தண்டை எடுக்க ஒன்றரைச் சுற்று போதும், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் லீவர் மரையை விட்டு டயலுக்கு அடியில் விழுந்துவிடும்.

இப்போது மெதுவாக இறுக்கிப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் சுற்றினால் லீவர் விழுந்திருக்கிறது, இல்லையேல் மரை போயிருக்கிறது. எதுவானாலும் டயலைக் கழற்றித்தான் ஆகவேண்டும். இறுகியும் தண்டு வருகிறதென்றால் லீவரின் முளை தண்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, சாவியைத் திருகிக்கொண்டே முழுக்க உள்ளே தள்ளி, தள்ளிப் பிடித்தபடியே இறுக்குங்கள். அப்படியும் மசியாவிட்டால் லீவரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் கை முறிந்திருக்கலாம்.

சாவிக்கொத்து:
வழுக்கலும் இதனால்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பின்மூடியைத் திறந்து வைத்துச் சாவி கொடுங்கள். கிரவுன் வீல் (சாவியின் சுழற்சியை ராட்செட் வீலுக்குக் கடத்தும் சக்கரம்) திரும்பவில்லையா? கோளாறு டயல் பக்கத்தில்: கிளட்ச் (தண்டின் மேல் நகரும், இரு முகத்திலும் பல் உள்ள உருளை) தலைகீழாக இருக்கும், அல்லது அதை நகர்த்தும் கையான யோக் அதன் பள்ளத்தில் இருக்காது. சாய்ந்த பல் உள்ள முகம் சாவிப் பக்கம், வைண்டிங் பினியனை (தண்டின் மேலிருந்து கிரவுன் வீலைத் திருப்பும் சிறு சக்கரத்தை) பார்த்திருக்க வேண்டும். நேரான பல் மெஷினின் நடுவைப் பார்க்கும். மெயின் ஸ்பிரிங்கைச் சுருட்டும் ராட்செட் வீல் முன்னேறிவிட்டுத் திரும்பி ஓடினால், அதைத் தடுக்கும் கிளிக் பிடிக்கவில்லை. சக்கரங்கள் ஒழுங்காகத் திரும்பி, சில சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று விட்டால், பேரலுக்குள் (ஸ்பிரிங் இருக்கும் உருளைப் பெட்டிக்குள்) மெயின் ஸ்பிரிங்கின் கொக்கி போய்விட்டது.

பின்னோக்கித் திருப்பும்போது வரும் 'கரகர' கோளாறே அல்ல. பலர் அதைக் கேட்டே மெஷினைப் பிரித்துவிடுகிறார்கள்!

பல்சக்கரம்:
ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது. கிரவுன் வீலும் சில சமயம் நிற்கிறது.

ஊசிமுனை:
அப்படியானால் லீவர்தான். அது இடத்தில் இல்லாதபோது யோக்கும் இடம் மாறலாம், கிளட்ச் பினியனோடு சேராமல் போகலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். முள்ளை எடுக்குமுன் டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். டயல் ஸ்க்ரூ இரண்டும் மெஷினின் விளிம்பில் இருக்கும். தளர்த்தினால் போதும், முழுக்க எடுக்க வேண்டாம். மணிமுள் சக்கரத்தின் மேல் மெல்லிய வாஷர் இருந்தால் அது டயலின் அடியில் ஒட்டிக்கொண்டே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து:
யோக் ஸ்பிரிங்கைத் தொடுமுன் மெஷினை, கையையும் ட்வீஸரையும் சேர்த்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையைக் கூர்சீவிய மூங்கில் குச்சியால் அழுத்திக்கொண்டு மறுமுனையை விடுவிக்க வேண்டும். பறந்து தொலைந்தால், கம்பி வகையாக இருந்தால் மட்டும், கிட்டாரின் மிக மெல்லிய தந்தியை (சுமார் 0.23 மி.மீ.) அதே வடிவில் வளைத்துப் பொருத்தலாம். தகடு வகை என்றால் பழைய மெஷின் ஒன்று வாங்குவதே வழி. பூட்டும்போது தண்டின் சதுரப் பகுதிக்கும் கிளட்ச் பள்ளத்துக்கும் கிரீஸ் வையுங்கள், எண்ணெய் வேண்டாம்; டயல் பக்கம் பரவிவிடும்.