ஜாவா ரிஃப்லெக்‌ஷன்: தாய் கிளாஸின் ஃபீல்டுகள் ஏன் வரவில்லை?

கேள்வி:
எந்த ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும் அதன் ஃபீல்டுகளின் பெயரையும் மதிப்பையும் லாகில் எழுதும் மெத்தட் ஒன்றை ஜாவா 17-இல் ரிஃப்லெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸ்களின் உள்ளமைப்பை ஆராயும் வசதி) கொண்டு எழுதி வருகிறேன். ‘நபர்’ என்ற கிளாஸில் பெயரும் பிறந்த தேதியும், அதை எக்ஸ்டெண்ட் செய்யும் ‘பணியாளர்’ கிளாஸில் சம்பளமும் பிரைவேட் ஃபீல்டுகளாக உள்ளன. கெட்ஃபீல்ட்ஸ் காலி அரேயைத் தருகிறது. கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் சம்பளத்தை மட்டும் காட்டுகிறது. அதன் மதிப்பை எடுக்கப்போனால் இல்லீகல்ஆக்சஸ்எக்செப்ஷன் எழுகிறது. மூன்றையும் பெற வழி என்ன?

பதில் 1:
கெட்ஃபீல்ட்ஸ் தாய் கிளாஸ்கள் வரை சென்று பார்த்தாலும் பப்ளிக் ஃபீல்டுகளை மட்டுமே தரும். கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் பிரைவேட் உட்பட எல்லாவற்றையும் தந்தாலும் அந்த ஒரு கிளாஸைத் தாண்டாது. எனவே பணியாளரில் தொடங்கி, கெட்சூப்பர்கிளாஸ் நல் தரும்வரை ஒவ்வொரு படியாக மேலேறி, ஒவ்வொரு கிளாஸிலும் கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸை அழையுங்கள். மதிப்பை எடுக்கும் முன், பிரைவேட் தடையை நீக்க அந்த ஃபீல்டில் செட்ஆக்சஸிபிளை ட்ரூ என்று அழைக்க வேண்டும். ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் ஆப்ஜெக்டுக்கு உரியவை அல்ல என்பதால் மாடிஃபையரைப் பார்த்து விலக்கிவிடுங்கள். ஃபீல்டுகள் எழுதிய வரிசையிலேயே வரும் என்று நம்பாதீர்கள். அதற்கு உத்தரவாதம் இல்லை.

கேட்டவர்:
நன்றி, மூன்றும் வந்துவிட்டன. ஆனால் பிறந்த தேதியின் உள்ளேயும் இறங்கிப் பார்க்குமாறு மாற்றியதும், அதன் வகையான லோக்கல்டேட் என்ற ஜாவாவின் சொந்த கிளாஸின் ஃபீல்டில் செட்ஆக்சஸிபிளை அழைக்கும் இடத்திலேயே இன்ஆக்சஸிபிள்ஆப்ஜெக்ட்எக்செப்ஷன் வருகிறது. என் கிளாஸ்களில் வேலை செய்தது இங்கே ஏன் செய்யவில்லை?

பதில் 2:
அது மாட்யூல் (தன் பேக்கேஜ்களில் எவற்றை வெளியே திறப்பது என்று தீர்மானிக்கும் தொகுப்பு) போட்ட பூட்டு. 2017-இல் வந்த ஜாவா 9 மாட்யூல்களைக் கொண்டுவந்தபோது இத்தகைய அத்துமீறலை எச்சரிக்கையோடு அனுமதித்தது. 2021-இல் வந்த 16 இயல்பாகவே மறுத்தது. 17-இல் பழைய தளர்வைத் திரும்பப் பெறும் ஆப்ஷனும் பயனற்றுப் போயிற்று. நிரலை இயக்கும்போது ஆட்-ஓப்பன்ஸ் என்ற ஆப்ஷனைக் கொடுத்துக் குறிப்பிட்ட பேக்கேஜைத் திறக்கலாம் என்றாலும், லாகுக்காக அதைச் செய்வது வீண் வேலை. லோக்கல்டேட்டின் உள்ளே ஆண்டு, மாதம், நாள் தவிர வேறென்ன இருக்கிறது? டுஸ்ட்ரிங் அதையே அழகாகத் தந்துவிடுகிறதே. உங்கள் சொந்த பேக்கேஜில் உள்ள கிளாஸ்களுக்குள் மட்டும் இறங்குங்கள்.

இறங்கும்போது இன்னொரு குழியும் உண்டு. பணியாளர் தம் மேலாளரைச் சுட்ட, மேலாளர் அதே பணியாளரைச் சுட்டினால், முடிவில்லாமல் சுற்றி ஸ்டாக்ஓவர்ஃப்ளோவில்தான் போய் நிற்பீர்கள். பார்த்த ஆப்ஜெக்டுகளை, அதே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கும் ஐடென்டிட்டிஹேஷ்மேப்பில் குறித்துவையுங்கள். சாதாரண ஹேஷ்மேப் ஈக்குவல்ஸை நம்புவதால், சமமான இரு வேறு ஆப்ஜெக்டுகளை ஒன்றெனக் கொள்ளும்.

பதில் 3:
சிந்தெட்டிக் ஃபீல்டுகளையும் (நீங்கள் எழுதாமல் கம்பைலரே சேர்ப்பவை) இஸ்சிந்தெட்டிக் கொண்டு விலக்குங்கள். இன்னர் கிளாஸ் தன் வெளிக் கிளாஸைச் சுட்டக் கம்பைலர் சேர்க்கும் ஃபீல்டு அப்படிப்பட்டதே. லாகில் சம்பளம் அப்பட்டமாகப் பதிவாவதுதான் எனக்கு உறுத்துகிறது. ‘மறை’ என்றொரு அனொட்டேஷன் (ஃபீல்டின் மேல் ஒட்டும் குறிப்பு) எழுதி, அது உள்ள ஃபீல்டுகளைத் தாண்டிச் செல்லுங்கள். அது எதுவரை தங்கும் என்று சொல்லும் ரிடென்ஷனை ரன்டைம் என்று வைக்க மறந்தால், இயல்பான அமைப்பில் அது கிளாஸ் ஃபைலோடு நின்றுவிடும். ரிஃப்லெக்‌ஷனின் கண்ணில் படாது.