புதுப்பிப்பு: ரிவால்வருக்குள் வண்டல் தண்ணீர் புகுந்திருந்தால்

நனைந்த ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போடச் சொல்லியிருந்தேன். வாய்க்கால் தண்ணீரில் விழுந்ததற்கு அது போதாது. தோட்டாக்களை எடுத்து, தோட்டா போடும் அறைகள் எல்லாம் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை.

வண்டலோடு எண்ணெய் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தின்னும், முதலில் அலசுங்கள். வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. மரப்பிடியைக் கழற்றி நிழலில் காயவையுங்கள், வெயிலில் மரம் விரிசல் விட்டுவிடும்.

துரு ஒளிந்திருப்பது காலிக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் போல மடக்கித் திறப்பதில், பாதி திறந்தால் அது எழுந்து நிற்கும். முழுக்கத் திறந்தால் உள்ளே போய்விடும். பாதியில் பிடித்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள்.

டபிள்யூடி-40 ஸ்பிரே ஈரத்தை விரட்டும், அவ்வளவுதான். மேலே துப்பாக்கி எண்ணெய் மெல்லிசாக வேண்டும். அறைகளை மட்டும் உலரத் துடையுங்கள், எண்ணெய் தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரைக் கெடுக்கும். உள்பாகங்களை நெம்பாமல் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஈரத் தோலுறைக்குள் திரும்பவும் செருகவே கூடாது.