புதுப்பிப்பு: ஹாஸ்டலில் அக்கா பையனுக்கு நடந்த ராகிங்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் பள்ளி ஹாஸ்டலில், ஒன்பதாவது படிக்கும் அக்கா பையனை பிளஸ் டூ பசங்க துணி துவைக்க வைப்பதையும், ராத்திரி முட்டி போட வைப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். "டி.சி. வாங்கிட்டு வந்துடுங்க" என்றுதான் பலரும் சொன்னீர்கள். வாங்கவில்லை.

அக்காவும் நானும் நேரில் போனோம். "பசங்க விளையாட்டு சார், எங்க காலத்துல இல்லாததா?" என்றார் தலைமையாசிரியர். எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து கேட்டதும் பேச்சு மாறியது. 1996-இல் ராகிங் செய்த சீனியரால் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கல்லூரிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். பள்ளிக்கும் பொருந்தும். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகாரை விசாரிக்காத நிர்வாகத் தலைவரும் உடந்தை.

செய்தவர்களும் பதினெட்டு வயசுக்குக் கீழேதான், கேஸ் போனால் சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். அவர்களை ஜெயிலுக்கு அனுப்ப எங்களுக்கும் ஆசையில்லை. அதில் ஒருத்தன் ஒன்பதாவதில் இதே அடியை வாங்கியவனாம்.

இப்போது சின்னப் பசங்களுக்குத் தனி மாடி, வார்டனும் அங்கேயே படுக்கிறார். (முன்பு கேட் பக்கம் தூங்கினாராம். நல்ல காவல்!) 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) இரண்டையும் வராந்தாவில் ஒட்டச் சொன்னோம், இன்னும் ஒட்டவில்லை. ஞாயிறு போய்ப் பார்க்கிறேன்.

"மாமா, இப்ப என் துணி மட்டும்தான் துவைக்கிறேன்" என்கிறான்.