சாயங்காலமானால் மீட்டிங்கில் என் குரல் உடைகிறது: விலேன் போட்டால் தீருமா?

மாடிவாசி:
வீட்டு நெட்வொர்க் பற்றி ஒரு சந்தேகம். கீழே ரௌட்டர். அதிலேயே டிவி, பேக்கப்புக்கான நாஸ் பெட்டி, கேமரா ரெக்கார்டர் மூன்றும் செருகியிருக்கின்றன. மாடியில் 10 போர்ட் உள்ள சாதாரண பிஓஇ சுவிட்ச் (கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் கொடுப்பது), ஜிகாபிட்தான், அதாவது 1000 எம்பிபிஎஸ். அதில் 6 கேமராக்களும் 2 கம்ப்யூட்டர்களும். மாடியிலிருந்து கீழே ரௌட்டருக்கு ஒரே ஒரு கேபிள், சுவருக்குள் போகிறது.

சாயங்காலம் 7 மணிக்கு இரண்டு கம்ப்யூட்டரும் நாஸுக்கு பேக்கப் எடுக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வீடியோ மீட்டிங் வந்தால் தொலைந்தேன். மற்றவர்கள் பேசுவது எனக்கு ஓரளவு நன்றாகவே கேட்கிறது, நான் பேசுவதுதான் அவர்களுக்கு ரோபோ மாதிரி கேட்கிறதாம். இணைய இணைப்பு 200 எம்பிபிஎஸ்.

மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது) வாங்கி, விலேன் போட்டு (ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) கேமராவுக்கு விலேன் 10, கம்ப்யூட்டருக்கு 20, டிவிக்கு 30 என்று பிரித்துவிடலாம் என்று இருக்கிறேன். நெரிசல் குறையுமா?

கம்பிப்பித்தன்:
வாங்குவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். விலேன் என்பது ஒரே சாலையில் கோடு போட்டுப் பிரிப்பது மாதிரிகூட இல்லை. வண்டிகளுக்கு வேறு வேறு நிறத்தில் நம்பர் பலகை மாட்டுவது மாதிரி. மாடியிலிருந்து கீழே வரும் அந்த ஒற்றைக் கேபிளில் கேமரா விலேனும் கம்ப்யூட்டர் விலேனும் ஒன்றாகத்தான் இறங்கப்போகின்றன. கேபிளின் அகலம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாடிக் கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் எவ்வளவு காட்டுகிறது? பேக்கப் ஓடும்போது அதே கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்கு பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்ப்பது) போட்டால் என்ன வருகிறது? இணையத்துக்கு இல்லை, வீட்டு ரௌட்டருக்கு.

பழைய சுவிட்ச்:
விலேனால் பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாகப் போகும் செய்தி) குறையுமே, அது உதவாதா? எங்கள் அலுவலகத்தில் பிரித்த பிறகு நன்றாகவே இருக்கிறது.

கம்பிப்பித்தன்:
அலுவலகத்தில் சில நூறு கருவிகள் இருக்கும். வீட்டில் இருபது கருவிகள் போடும் பிராட்காஸ்ட், ஜிகாபிட் லிங்கில் தூசி. கேமரா வீடியோ ரெக்கார்டருக்கு யூனிகாஸ்ட்டாகவே, அதாவது அது ஒன்றுக்கு மட்டுமே, போகும். சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் கொட்டாது.

மாடிவாசி:
ஸ்பீடு டெஸ்ட் எப்போதும் 93. இணைப்புக் கொடுப்பவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள் என்று இரண்டு முறை சண்டைகூடப் போட்டேன். பிங் சாதாரணமாக 1 மில்லி செகண்டுக்குள். பேக்கப் ஓடும்போது 35, 40 என்று ஏறுகிறது. நூறு பிங் போட்டால் நாலைந்து தொலைந்தும் போகிறது. பேக்கப் வேகம் நொடிக்கு 7 மெகாபைட்டைத் தாண்டியதே இல்லை.

கம்பிப்பித்தன்:
93 என்ற எண்ணே துப்பு. 100 எம்பிபிஎஸ் லிங்கில் தலைப்புச் செலவு (ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி முதலியவை) போக மிஞ்சுவது அவ்வளவுதான். உங்கள் சுவிட்ச் ஜிகாபிட், ரௌட்டரும் ஜிகாபிட் என்றால் நடுவில் உள்ள கேபிள்தான் 100க்கு இறங்கி ஓடுகிறது. 100க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அந்தக் கூடுதல் இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் லிங்க் சத்தமே போடாமல் 100இல் போய் உட்கார்ந்துவிடும்.

கணக்குப் பாருங்கள்: கேமராவுக்கு 6 எம்பிபிஎஸ் வைத்தால் ஆறுக்கு 36. 93இல் மிச்சம் 57. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் சுமார் 7 மெகாபைட், உங்கள் பேக்கப் வேகம். கேமரா, பேக்கப், உங்கள் குரல் எல்லாமே மாடியிலிருந்து கீழே போகிறவை. கேபிள் இருபக்கமும் தனித்தனியாக ஓடுவதால், எதிர்ப்பக்கம் வரும் மற்றவர்களின் குரல் அடிபடவில்லை.

கம்ப்யூட்டரில் 1 ஜிகாபிட் என்று காட்டுவதை நம்ப வேண்டாம், அது கம்ப்யூட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையில் உள்ளது. ரௌட்டர் பக்கத்தில் லேன் போர்ட் நிலவரத்தைப் பாருங்கள்.

மாடிவாசி:
100 என்றுதான் இருக்கிறது! அந்த ஆளிடம் இனி எந்த முகத்தோடு பேசுவது...

இரவுப்பணி:
கேபிளைச் சரிசெய்வதோடு, ரெக்கார்டரை மாடிக்கே தூக்கிவிடுங்கள். உங்கள் கணக்குப்படி ஒரு போர்ட் காலியாக இருக்கிறது. கேமராவும் ரெக்கார்டரும் ஒரே சுவிட்சில் இருந்தால் அந்த 36 கீழே இறங்கவே இறங்காது. சுவிட்சால் நெரிசல் குறைவது இந்த இடத்தில்தான்: அதிகம் பேசிக்கொள்ளும் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைப்பது.

அப்புறம் பேக்கப் நேரம். லிங்க் ஜிகாபிட் ஆனாலும் இரண்டு கம்ப்யூட்டர் சேர்ந்து தள்ளினால் அதையும் நிரப்பிவிடும். ஒன்றை இரவு 1 மணிக்கும் இன்னொன்றை 3 மணிக்கும் மாற்றுங்கள். காசில்லாத வைத்தியம்.

மாடிவாசி:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கீழே சுவர் சாக்கெட்டைக் கழற்றினால் பழுப்புக் கம்பி ஒன்று சரியாக உட்காராமல் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுக் கம்பியையும் வெட்டி மறுபடி சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தினேன். இப்போது லிங்க் 1000. ஸ்பீடு டெஸ்ட் 190க்கு மேல். ரெக்கார்டர் மாடிக்கு வந்துவிட்டது, பேக்கப் நேரமும் மாற்றியாகிவிட்டது. நேற்று வேண்டுமென்றே மீட்டிங் நடுவில் பேக்கப்பை ஓட்டிப் பார்த்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கேமராக்கள் இணையத்துக்குப் போகக் கூடாது என்று ஓர் ஆசை இன்னும் இருக்கிறது. அதற்கு விலேன் சரியா?

கம்பிப்பித்தன்:
அதற்குத்தான் விலேன். ஆனால் சுவிட்ச் மட்டும் போதாது, 802.1கியூ டேக் (எந்த விலேன் என்று சொல்லும் அடையாளம்) புரிந்துகொள்ளும் ரௌட்டரும் வேண்டும். இல்லாவிட்டால் கேமரா விலேனிலிருந்து உங்கள் மொபைலுக்கு வழியே இருக்காது. இரண்டு விலேனுக்கு இடையே போகும் எல்லாம் ரௌட்டர் வழியாக ஏறி இறங்கும் என்பதால், கம்ப்யூட்டரையும் நாஸையும் ஒரே விலேனில் வையுங்கள். இல்லையென்றால் தீர்த்த நெரிசலை நீங்களே திரும்பக் கூப்பிட்டதாக ஆகும்.

இப்போதைக்கு ரௌட்டரில் அந்த ஆறு கேமராக்களுக்கும் இணையத் தடை போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் மற்ற கருவிகளைத் தொடுவதை அது தடுக்காது, வெளியே போவதை மட்டும் தடுக்கும்.

மாடிவாசி:
சரி, தடை போட்டுவிட்டேன். ரெக்கார்டரில் படம் வருகிறது. ரௌட்டர் மாற்றும்போது விலேனுக்கு வருகிறேன்.

இரவுப்பணி:
அப்போது ஒன்று: நீங்கள் உட்கார்ந்து அமைப்பை மாற்றும் கம்ப்யூட்டரின் போர்ட்டை மட்டும் கடைசியில் மாற்றுங்கள். நான் அதை முதலில் மாற்றி, சுவிட்சுக்குள்ளேயே போக முடியாமல், ரீசெட் ஓட்டையில் குண்டூசி குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.