வீட்டுக்கே மாற்றல் போட்ட இடம்

செவ்வாய்க்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியத்துக்கு விடுமுறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் போல யாரும் கடலூரிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் ஓட்டிப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம்.

திங்கட்கிழமை போவதாகத்தான் இருந்தது. அக்கா வீட்டுக்காரர் மிஷனரி. குஜராத்தின் தென்கிழக்கு மூலையில் டாங் மாவட்டத்தில் பன்னிரண்டு வருடமாக ஊழியம். மே மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு வருவார்கள். லீவு என்று பேர்தான். ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு சபையில் பிரசங்கம், வார நாளில் ஜெபக்கூட்டம், போகிற வீட்டிலெல்லாம் காப்பி. அந்தத் திங்கட்கிழமை பார்த்து சபையில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். மாமா அடக்க ஆராதனைக்குப் போனார். சரி, நாளைக்குப் போகலாம் என்று சொன்னது நான். செவ்வாய் விடுமுறை என்று பார்க்காததும் நான்.

வியாழக்கிழமை மறுபடி கிளம்பினோம். அதே கார், அதே புளிசோறு, அதே உருளைக்கிழங்கு வறுவல். அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. புதுச்சேரி நெரிசலைத் தாண்டி, காலாப்பட்டு, மரக்காணம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் உப்பளம் வருகிறது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒன்பது வயது. குவித்து வைத்த உப்பைப் பார்த்து, "இவ்வளவையும் யாரு தின்னுவா?" என்றான். அதற்குத்தான் அக்கா முதல் முறையாகச் சிரித்தாள். கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் தாண்டி முட்டுக்காடு போய்ச் சேரும்போது மணி பதினொன்று.

தெரியாதவர்களுக்கு: தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பக்கத்துப் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, அந்த வேலை தெரிந்த ஆசாரிகளையும் ஸ்தபதிகளையும் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பத்து ஏக்கர், 18 வீடுகள். டெபோரா தியாகராஜன் என்பவர் முன்னின்று தொடங்கியது, 1996இல் திறந்தார்கள். கட்டட வடிவமைப்பு லாரி பேக்கர். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிற மியூசியம் இல்லை. திண்ணையில் உட்காரலாம், பானை வனையலாம், ஓலை முடையலாம்.

நான் அங்கே ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறேன். செட்டிநாட்டு வீட்டுத் தூணைப் பார்த்து வாயைப் பிளப்பேன், படம் எடுப்பேன், வந்துவிடுவேன். இந்தப் பிள்ளைகளோடு போனது வேறு மாதிரி.

ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த வட்டமான மண்வீடு ஒன்று இருக்கிறது. சுவருக்கு மூலையே இல்லாததால் புயல் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். 2011 தானே புயலில் ஓடு பறந்த வீட்டில் இருந்தவன் நான். அதனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பெரியவள் சுவரைப் பார்க்கவில்லை. தரையில் குந்தி, சாணம் மெழுகிய தடத்தில் உள்ளங்கையை வைத்து அளந்தாள். பதிமூன்று வயதுப் பெண்.

"இது அவசரத்துல மெழுகினது மாமா. வளைவு பாருங்க, பாதியிலயே நிக்குது. தோள்லேர்ந்து கை வரணும். இவங்க மணிக்கட்டால மட்டும் தேச்சிருக்காங்க."

டாங்கில் அவர்கள் குடியிருப்பது மிஷன் கட்டிக்கொடுத்த சிமென்ட் வீடு. சுற்றிலும் இருப்பவை மூங்கில் பிளாச்சில் மண்ணும் சாணமும் பூசிய வீடுகள். பண்டிகைக்கு முன்னால் பக்கத்து வீடுகளில் மெழுகுவதற்கு இவளும் போவாளாம். நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற வீட்டில் அவள் தோழிகள் இன்றைக்கும் குடியிருக்கிறார்கள். அங்கே நாகலி என்று சொல்லும் கேழ்வரகை அரைக்கிற திருகை மாதிரியே இங்கேயும் ஒன்றைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். சுற்றுலா வந்த பிள்ளைகள் அவளையும் காட்சிப் பொருளாக நினைத்துப் படம் எடுத்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

கேரளப் பகுதியில் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீடு. 1850ஆம் வருடத்தது. மாமா அங்கேதான் ரொம்ப நேரம் இருந்தார். சின்னவன் கேட்டான்: "வீட்டையே தூக்கிட்டு வந்துட்டா, வீட்டுக்கு எது சொந்த ஊரு?" மாமா பிரசங்கம் செய்கிறவர், எதற்கும் பதில் வைத்திருப்பார். அன்றைக்கு மரத் தூணைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார்.

அய்யனார் குதிரைகள் இருக்கிற இடத்தில் சின்னவன் தயங்கினான். "படம் எடுக்கலாமாப்பா?" மாமா, "தாராளமா எடு" என்று சொல்லிவிட்டு சீகன்பால்க் கதையை ஆரம்பித்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த அந்த ஜெர்மன் மிஷனரி, அய்யனார் உட்பட நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றியெல்லாம் கேட்டுக் கேட்டு 1713இல் ஒரு புத்தகமே எழுதி ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த மிஷன் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. கிடப்பில் போட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. "பக்கத்து வீட்டுக்காரர் யாருன்னு தெரிஞ்சுக்கறது தப்பாடா?" என்றார் மாமா. அதற்குள் அவன் குதிரையின் பல்லை எண்ணப் போய்விட்டான்.

ஓலை முடைகிற அம்மா ஒருவர் அக்காவைக் கேட்டார்: "எந்த ஊரும்மா நீங்க?" அக்கா "கடலூர்" என்றாள். பெரியவள் அதே நேரத்தில் "டாங்" என்றாள். அந்த அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஓலையை மடக்கி ஒரு கிலுகிலுப்பை செய்து சின்னவன் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது காரில் அக்கா மெதுவாகச் சொன்னாள். டாங்குக்குள்ளேயே இதுவரை நான்கு வீடு மாறிவிட்டார்களாம். ஜூன் பிறந்தால் பெரியவள் விடுதிக்குப் போய்விடுவாள், அது ஐந்தாவது. "அந்த வீட்டுக்காவது கூடவே தூணு, கதவு, உத்தரம் எல்லாம் சேர்ந்து வந்துச்சு." நான் கியரை மாற்றினேன். வேறு என்ன செய்ய?

*

இதைப் படித்துவிட்டு முத்தியால்பேட்டை வாசி எழுதியது:
நாங்கள் டிசம்பரில் போனோம். வெயிலுக்குப் பயந்தவர்கள் அப்போது போங்கள். என் மாமியார் அக்ரகாரத்து வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டார், யாரும் எழுப்பவில்லை. ஒரு கேள்வி: கடலூரில் இருந்துகொண்டு அவ்வளவு தூரம் ஏன்? தேவனாம்பட்டினம் கோட்டை உங்கள் ஊர்தானே?

*

அவருக்கு என் பதில்:
அங்கேயும் கூட்டிப்போனேன். 1740இல் எங்கள் ஊருக்கு வந்த கீர்நாந்தர் என்ற சுவீடன் மிஷனரியின் கதையைச் சொன்னேன். 1758இல் பிரெஞ்சுப் படை அந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்ததும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். "அவங்களுக்கும் டிரான்ஸ்ஃபரா?" என்றான் சின்னவன். கோட்டையில் பார்க்க மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. கெடிலத்துக் காற்று நன்றாக இருந்தது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். மறுநாள் காலை பெரியவள் பால்காரர் வீட்டிலிருந்து சாணி வாங்கி வந்து, அம்மா வீட்டு வாசலை மெழுகினாள். தோளிலிருந்து கை வந்தது. அம்மா, "சிமென்ட்டுல காஞ்சா உரிஞ்சுடும்டி" என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அது காய்ந்ததும் அரிசி மாவைக் கரைத்து, வார்லிப் பழங்குடிக்காரர்கள் வரைகிற மாதிரி குச்சிக் கை குச்சிக் காலோடு ஆட்களை வரைந்தாள். ஐந்து பேர், நடுவில் ஒரு கார். சாயங்காலமே ஓரம் உரிய ஆரம்பித்தது. இரண்டு நாளைக்கு எங்களைப் பின்கட்டு வழியாகத்தான் அம்மா போகவிட்டார்.